ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ அமைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிகள், நூற்பாலைகள், ஜவ்வரிசி ஆலைகள், துணிக்கடைகள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் வலையமைப்பைக் கவனித்துக்கொள்பவர்கள் ஸ்பேனிங் ட்ரீ பற்றிக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்களில் பலர் கணினி ஆசிரியராகவோ கணக்கராகவோ மின்பணியாளராகவோ வேலைக்குச் சேர்ந்து, பின்னர் ஸ்விட்ச் ரேக்கின் சாவியும் கைக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து விடைகளைத் தொகுத்திருக்கிறேன். ஒரு விடையில் சொன்னதை மற்றொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருக்கிறேன்.

1. ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ என்று ஒரு மெனு இருக்கிறது. அது என்ன வேலை செய்கிறது?

ஸ்விட்சுகளுக்கு இடையே ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருந்தால், ஒரு பாதையை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை மூடி வைப்பதே அதன் வேலை. திறந்திருக்கும் பாதை அறுந்தால், மூடியிருந்ததை அதுவே திறந்துவிடும். இதற்காக ஸ்விட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிறு அறிவிப்புக்கு பிபிடியு என்று பெயர். வழக்கமாக 2 வினாடிக்கு ஒருமுறை அது போகும்.

மூட வேண்டிய காரணம் ஈதர்நெட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐபி பொதியில், ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் ஆயுள் எண் உண்டு. அது பூச்சியமானதும் பொதி கைவிடப்படும். ஸ்விட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃப்ரேமில் (கேபிளில் போகும் தரவுத் துண்டில்) அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஸ்விட்சுகள் வளையமாக (லூப்) இணைந்துவிட்டால், எல்லோருக்கும் அனுப்பப்படும் ஒரே ஒரு பிராட்காஸ்ட் ஃப்ரேம்கூட முடிவின்றிச் சுற்றும். சுற்றும்போதெல்லாம் மற்றப் போர்ட்டுகளில் தன் நகலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சில வினாடிகளில் லிங்குகள் நிரம்பிவிடும். எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்ற அட்டவணையும் குழம்பிவிடும்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985-இல் இதற்கான வழிமுறையை வகுத்தார். 1990-இல் அது ஐ.இ.இ.இ. 802.1டி என்ற தரநிலையில் இடம்பெற்றது.

2. எங்கள் இடத்தில் எல்லா ஸ்விட்சுக்கும் ஒரே ஒரு கேபிள்தான். லூப்பே இல்லாதபோது இது எதற்கு?

இன்று இல்லை என்பதற்காக நாளையும் இருக்காது என்று சொல்ல முடியாது. கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளிக் கணினி அறையில் மேசைகளை மாற்றிப் போடும்போது, தரையில் கிடக்கும் கேபிளின் இரு முனைகளையும் சுவரிலுள்ள இரண்டு சாக்கெட்டுகளில் யாரேனும் செருகிவிடுவார்கள். ஐபி போனின் பின்புறம் இரண்டு துளைகள் இருப்பதைப் பார்த்து, இரண்டையும் சுவரில் இணைத்துவிடுவார்கள். எவரும் தீய நோக்கத்தோடு செய்வதில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான், கட்டடம் முழுவதும் நெட் நின்றுபோகும்.

ஒற்றைக் கேபிள் அமைப்பில் ஸ்பேனிங் ட்ரீக்கு அன்றாட வேலை இல்லை என்பது உண்மையே. அந்த ஒரு நாளுக்காகத்தான் அது ஆன் ஆக இருக்க வேண்டும்.

3. மாற்றுப் பாதைக்காகக் காசு கொடுத்து இழுத்த கேபிளை அது மூடி வைத்திருக்கிறதே, அது வீண்தானே?

ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை ஒன்றும், குப்பனூர் வழியாக மற்றொன்றும் இருக்கின்றன. மழையில் முதல் சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் குப்பனூர் வழியே திருப்பிவிடப்படுகின்றன. மூடி வைத்த கேபிளின் பயனும் அதுவே. வேறுபாடு என்னவென்றால், சாலைகள் இரண்டும் எப்போதும் திறந்திருக்கலாம். ஸ்விட்சில் அது கூடாது.

இரண்டு கேபிள்களும் ஒரே நேரத்தில் பயன்பட வேண்டுமென்றால், இரு முனை ஸ்விட்சுகளிலும் எல்ஏசிபி என்ற லிங்க் சேர்ப்பு முறையை அமைத்து அவற்றை ஒரே லிங்காகச் சேர்க்கலாம். அப்போது ஸ்பேனிங் ட்ரீ அவற்றை ஒரு போர்ட்டாகவே கருதும், எதையும் மூடாது. ஒரு முனையில் மட்டும் அமைத்து மறு முனையை விட்டுவிடாதீர்கள்.

4. ரூட் பிரிட்ஜ் எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? நாங்கள் எதையும் அமைக்கவில்லையே?

மற்ற ஸ்விட்சுகள் எல்லாம் எதை நோக்கித் தங்கள் பாதையைக் கணக்கிடுகின்றனவோ அந்த மைய ஸ்விட்சே ரூட் பிரிட்ஜ், சுருக்கமாக ரூட். நீங்கள் அமைக்கவில்லையென்றால் ஸ்விட்சுகளே அதை முடிவு செய்துகொள்ளும். இந்தத் தொகுப்பில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி இதுதான்: அந்த முடிவை அவற்றிடம் விடாதீர்கள். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு பிரிட்ஜ் அடையாள எண் உண்டு. அதன் முற்பகுதி ப்ரையாரிட்டி (முன்னுரிமை எண்), பிற்பகுதி மேக் முகவரி. மிகச் சிறிய எண் உடையது ரூட் ஆகிறது. ப்ரையாரிட்டி எல்லா ஸ்விட்சிலும் 32768 என்றே தொழிற்சாலையிலிருந்து வருவதால், தேர்வு மேக் முகவரியின் மேல் விழுகிறது. ஒரே நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் பழையவற்றின் மேக் முகவரி பெரும்பாலும் சிறியதாக இருக்கும். ஆகவே உங்களிடம் இருப்பதிலேயே வலுக்குறைந்த பழைய ஸ்விட்ச் ரூட் ஆகிவிடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

அதனால் என்ன கெடும் என்பதை ஒரு துணிக்கடையை வைத்துப் பார்ப்போம். தரைத்தளத்தில் சர்வரும் புதிய கிகாபிட் ஸ்விட்சும் இருக்கின்றன. அதிலிருந்து முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் கிகாபிட் கேபிள்கள் செல்கின்றன. மேல்தளக் கிடங்கில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று, பாதுகாப்புக்காக முதல் தளத்தோடும் இரண்டாம் தளத்தோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பழைய ஸ்விட்ச் ரூட் ஆனால், முதல் தளமும் இரண்டாம் தளமும் அதை நோக்கியே தங்கள் பாதையை அமைத்துக்கொள்ளும். தரைத்தள ஸ்விட்சுக்கு ரூட்டை அடைய இரண்டு வழிகள் சமமாக இருப்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மூடும். மூடப்பட்டது இரண்டாம் தளத்துக் கேபிள் என்றால், அந்தத் தளத்துப் பில்லிங் கணினிகள் சர்வரை அடைய, நேரான கிகாபிட் கேபிள் இருந்தும், கிடங்குக்கு ஏறி, 100 மெகாபிட்டில் நுழைந்து, முதல் தளம் வழியே இறங்கி வர வேண்டும்.

லூப் இல்லை, எந்த விளக்கும் சிவப்பாக எரியவில்லை, நெட்டும் ஓடுகிறது. தீபாவளிக் கூட்டத்தில் மட்டும் பில் போடத் தாமதமாகும். கடைக்காரர் மென்பொருளைக் குறை சொல்வார். மென்பொருள்காரர் சர்வரைக் குறை சொல்வார். ஸ்பேனிங் ட்ரீயின் பெரும்பாலான பாதிப்புகள் இப்படித்தான் வெளிக்குத் தெரியாமல் இருக்கின்றன.

5. சரி, ப்ரையாரிட்டியை 5000 என்று போட்டால் ஏற்க மறுக்கிறதே?

4096-இன் மடங்குகளை மட்டுமே அது ஏற்கும்: 0, 4096, 8192 என்று 61440 வரை மொத்தம் 16 மதிப்புகள். பிரிட்ஜ் அடையாள எண்ணின் முற்பகுதியிலுள்ள 16 பிட்டுகளில் 4 மட்டுமே ப்ரையாரிட்டிக்கு. மீதி 12 பிட்டுகள் விலான் (ஒரே ஸ்விட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை) எண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சில ஸ்விட்சுகளில் 32768-க்குப் பதிலாக 32769 என்று தெரிவதற்கும் அதுவே காரணம். அது 32768-உடன் விலான் எண் 1 சேர்ந்த தொகை.

சர்வரும் இணைய இணைப்பும் சேரும் முதன்மை ஸ்விட்சுக்கு 4096, அது பழுதானால் அதன் இடத்தில் நிற்க வேண்டிய இரண்டாவது ஸ்விட்சுக்கு 8192 கொடுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம். பூச்சியத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது என் வழக்கம். பின்னாளில் முதன்மை ஸ்விட்சை மாற்றும்போது, பழையதைக் கழற்றுவதற்கு முன்பே புதியதை முன்னுரிமையில் அதற்கு மேலே வைக்க அந்த இடம் உதவுகிறது.

6. எஸ்டிபி, ஆர்எஸ்டிபி, எம்எஸ்டிபி என்று மூன்று இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றும் ஸ்பேனிங் ட்ரீயின் வகைகள். ஐயமின்றி ஆர்எஸ்டிபி. முதல் வகையான எஸ்டிபியில் ஒரு போர்ட் திறக்க, கேட்கும் நிலையில் 15 வினாடியும் கற்கும் நிலையில் 15 வினாடியும் ஆகும். பழுதை மறைமுகமாக மட்டும் அறிய நேர்ந்தால் மேலும் 20 வினாடி சேர்ந்து 50 வினாடி வரை போகும். 2001-இல் 802.1டபிள்யூ என்று வந்த ஆர்எஸ்டிபியில், பக்கத்து ஸ்விட்சுகள் நேரடியாகக் கேட்டு ஒப்புக்கொள்வதால், கேபிள் அறுந்தால் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் மாற்றுப் பாதை திறந்துவிடும். 2004 பதிப்பில் 802.1டி தரநிலையே பழைய எஸ்டிபியைக் கைவிட்டு ஆர்எஸ்டிபியை எடுத்துக்கொண்டது.

அந்த வேகம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. லிங்க் ஃபுல் டூப்ளெக்ஸில், அதாவது இரு திசையிலும் ஒரே நேரத்தில் தரவு போகும் நிலையில், இருக்க வேண்டும். ஹாஃப் டூப்ளெக்ஸாக இறங்கிவிட்டால் அதைப் பகிர்வு லிங்க் என்று கருதி 30 வினாடி காத்திருக்கும். அடுத்து, எதிர்முனையும் ஆர்எஸ்டிபி பேச வேண்டும். பழைய எஸ்டிபி ஸ்விட்ச் ஒன்று இருந்தால், அது இணைந்த போர்ட் மட்டும் பழைய முறைக்கு இறங்கிவிடும். எம்எஸ்டிபி பற்றி கேள்வி 16-இல் பார்க்கலாம்.

7. கணினியைச் செருகினால் அரை நிமிடம் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. அதற்குள் விண்டோஸ் 169.254 என்று ஒரு முகவரியை எடுத்துக்கொள்கிறது. ஸ்விட்ச் பழுதா?

பழுதில்லை. மேலே சொன்ன 30 வினாடி அது. எதிரே இருப்பது கணினியா மற்றொரு ஸ்விட்சா என்று தெரியாததால் போர்ட் காத்திருக்கிறது; அதற்குள் டிஹெச்சிபி (முகவரி வழங்கும் சேவை) வழியே கேட்டுக் கேட்டு விடை வராமல் கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது. நெட்வொர்க் வழியே பூட் ஆகும் கணினிகளும் இதே காரணத்தால் நின்றுபோகும். ஆர்எஸ்டிபியிலும் இந்தத் தாமதம் உண்டு, ஏனென்றால் கணினி ஒப்புதல் எதுவும் சொல்லாது.

கணினி, பிரிண்டர், கேமரா, பில்லிங் இயந்திரம் இணையும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று அறிவித்துவிடுங்கள். சிஸ்கோவில் அதற்கு போர்ட்ஃபாஸ்ட் என்று பெயர். உடனே திறக்கும்.

8. அப்படியானால் எல்லாப் போர்ட்டையும் எட்ஜ் ஆக்கிவிட்டால் வேலை சுலபம்தானே?

ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டில் எட்ஜ் அமைக்கவே கூடாது. எட்ஜ் என்பது, இந்தப் போர்ட்டுக்கு அப்பால் ஸ்விட்ச் இல்லை என்று நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி. அதை நம்பி போர்ட் உடனே திறக்கிறது. எதிரே ஸ்விட்ச் இருந்தால், பிபிடியு வந்து சேர்ந்து உண்மை தெரியும்வரை லூப் ஓடும். லூப்பின் நெரிசலில் அந்த பிபிடியுவே காலத்தில் வந்து சேராமல் போகலாம்.

ஆகவே எட்ஜ் அமைக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும் பிபிடியு கார்டு (guard) என்ற காவல் அமைப்பையும் சேர்த்தே போடுங்கள். இவ்விரண்டையும் தனித்தனி அமைப்புகள் என்று நான் நினைப்பதே இல்லை. அந்தப் போர்ட்டில் ஒரு பிபிடியு வந்தாலும் ஸ்விட்ச் போர்ட்டை அடைத்துவிடும். கேள்வி 2-இல் சொன்ன சாக்கெட் விபத்து இதனால் அந்த இரண்டு போர்ட்டுகளோடு முடிந்துவிடும்.

9. கார்டு அடைத்த போர்ட் திரும்ப எப்படித் திறக்கும்?

பல ஸ்விட்சுகளில் கையால் அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். தானாகத் திறக்கும் வசதி இருந்தால் இடைவெளி பெரும்பாலும் 300 வினாடி. ஏற்காட்டு விடுதி போன்ற, ஆள் போய்ச் சேரவே நேரமாகும் இடங்களில் அதை இயக்கி வைப்பது நல்லது. லூப் இன்னும் இருந்தால் மறுபடி அடைபடும், அவ்வளவுதான். காரணத்தை அகற்றுவதற்கு முன் கார்டை அகற்றாதீர்கள்.

10. பிபிடியு ஃபில்டர் என்றும் ஒன்று இருக்கிறது. கார்டும் அதுவும் ஒன்றுதானா?

நேர் எதிரானவை. கார்டு, பிபிடியு வந்தால் போர்ட்டை அடைக்கும். போர்ட்டில் நேரடியாக அமைத்த ஃபில்டர், பிபிடியுவை அனுப்பவும் செய்யாது, வந்ததைப் பார்க்கவும் செய்யாது. அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீயை அணைத்ததற்குச் சமம். இன்ன காரணத்துக்காக வேண்டும் என்று ஒரு வரியில் எழுத முடியாதவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

11. ரூட் கார்டு, லூப் கார்டு இரண்டையும் எங்கே போடுவது?

ரூட் கார்டு, முதன்மை ஸ்விட்சிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் போர்ட்டுகளுக்கு உரியது. கீழேயிருந்து ஒரு ஸ்விட்ச் நானே ரூட் என்று உயர்ந்த தகுதியுள்ள பிபிடியுவை அனுப்பினால், அந்தப் போர்ட் தடுக்கப்படும். அது நின்றதும் தானாகவே திறக்கும். விடுதியின் ஒரு பகுதியை வேறு ஒப்பந்ததாரர் பராமரிக்கும்போது இது மிகவும் தேவை.

லூப் கார்டு, ரூட்டை நோக்கியிருக்கும் போர்ட்டுகளுக்கும் மூடி வைத்த போர்ட்டுகளுக்கும் உரியது. மூடிய போர்ட் மூடியிருப்பதே எதிரிலிருந்து பிபிடியு வந்துகொண்டிருப்பதால்தான். ஃபைபரில் ஒரு இழை மட்டும் கெட்டு, விளக்கு எரிந்துகொண்டே பிபிடியு நின்றுபோனால், ஆபத்து நீங்கியது என்று தவறாக எண்ணி அந்தப் போர்ட் திறக்கும், லூப் உண்டாகும். அப்படித் திறக்கவிடாமல் தடுப்பதே லூப் கார்டின் வேலை. ஆலைகளில் கட்டடங்களுக்கு இடையே மீடியா கன்வெர்ட்டர் (காப்பர், ஃபைபர் இரண்டையும் இணைக்கும் பெட்டி) வைத்து ஃபைபர் இழுத்த இடங்களில் இதை நான் அவசியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் ஃபைபர் செத்தாலும் கன்வெர்ட்டர் ஸ்விட்சின் பக்கம் விளக்கை எரியவிட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஒரே போர்ட்டில் இரண்டு கார்டுகளையும் போடக்கூடாது.

12. பாத் காஸ்ட் ஒரு ஸ்விட்சில் 4 என்றும் மற்றொன்றில் 20000 என்றும் இருக்கிறது. இரண்டுமே கிகாபிட்தான். எது சரி?

பாத் காஸ்ட் என்பது லிங்கின் வேகத்தை வைத்து ஸ்விட்ச் அதற்குக் கொடுக்கும் செலவு எண். இரண்டும் சரி, ஆனால் ஒரே வலையமைப்பில் இரண்டும் இருப்பது சரியில்லை. பழைய கணக்கில் 100 மெகாபிட்டுக்கு 19, 1 கிகாபிட்டுக்கு 4, 10 கிகாபிட்டுக்கு 2. புதிய நீண்ட கணக்கில் அவையே 200000, 20000, 2000. ரூட் வரையிலான காஸ்ட்டுகளைக் கூட்டிப் பார்த்துக் குறைந்த பாதையையே ஸ்விட்ச் தேர்ந்தெடுப்பதால், பழைய கணக்கு ஸ்விட்ச் இருக்கும் பாதை, எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும், மலிவாகத் தெரியும். எல்லாவற்றையும் நீண்ட கணக்குக்கு மாற்றுங்கள்.

13. ஏற்காட்டில் தோட்ட அலுவலகத்துக்கும் காப்பிக் களத்துக்கும் இடையே ஃபைபரும் ரேடியோ லிங்கும் இருக்கின்றன. ஃபைபர் நன்றாக இருந்தும் போக்குவரத்து ரேடியோ வழியே போகிறதே?

மலையில் பணிபுரிகிறவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது இது. காஸ்ட், போர்ட்டின் வேகத்தை வைத்து வருகிறது. காற்றில் கிடைக்கும் வேகத்தை ஸ்விட்ச் அறியாது. ரேடியோவிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் காப்பர் கேபிள் கிகாபிட்டில் இணைந்திருந்தால், மரங்களுக்கிடையே அது 100 மெகாபிட்டுக்கும் குறைவாகக் கொடுத்தாலும், காஸ்ட் ஃபைபருக்குச் சமமாகவே இருக்கும். சமமானால் எதிர்முனை ஸ்விட்சின் அடையாள எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு லிங்கும் ஒரே ஸ்விட்சுக்குச் செல்வதால் அதுவும் சமம். கடைசியாக எதிர்முனையின் போர்ட் எண் பார்க்கப்படும். அலுவலக ஸ்விட்சில் ரேடியோ 3-ஆம் போர்ட்டிலும் ஃபைபர் 24-ஆம் போர்ட்டிலும் இருந்தால், சிறிய எண் உள்ள ரேடியோ வெல்கிறது.

ரேடியோ போர்ட்டின் காஸ்ட்டை, நீண்ட கணக்கில் 200000 என்று உயர்த்துங்கள். எந்த முனையில் என்பதுதான் பலர் தவறவிடும் இடம். காஸ்ட், ரூட்டிலிருந்து வரும் பிபிடியுவைப் பெறும் போர்ட்டில் கூட்டப்படுகிறது. அலுவலக ஸ்விட்ச் ரூட் என்றால், மாற்றம் களத்திலுள்ள ஸ்விட்சில் செய்யப்பட வேண்டும்; ரூட்டின் போர்ட்டில் காஸ்ட்டை எவ்வளவு உயர்த்தினாலும் பலன் இராது. ரூட்டின் பக்கமே மாற்ற விரும்பினால் போர்ட் ப்ரையாரிட்டியை மாற்றலாம்: இயல்பு மதிப்பு 128, 16-இன் மடங்குகளில் மாறும், சிறியது வெல்லும்.

மற்றொன்று: ரேடியோ அலை அறுந்தாலும் காப்பர் கேபிளின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மூன்று பிபிடியு வராமல் போன பிறகே, அதாவது சுமார் 6 வினாடிக்குப் பிறகே, ஸ்விட்ச் அறியும். நெரிசலில் ரேடியோ பிபிடியுவையும் சேர்த்துக் கைவிடத் தொடங்கினால் பாதை மாறி மாறித் துடிக்கும். ரேடியோவில் முன்னுரிமை அமைக்கும் வசதி இருந்தால் பிபிடியுவை மேலே வையுங்கள். மலையிலுள்ள தோட்டத்தையும் சேலத்து அலுவலகத்தையும் ஒரே ஸ்பேனிங் ட்ரீயில் இணைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இடையில் ரூட்டர் வைத்துப் பிரித்துவிட்டால், மேலே நடக்கும் குழப்பம் கீழே இறங்காது.

14. மேசைக்கடியில் எட்டுப் போர்ட் சாதாரண ஸ்விட்சுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் இந்த மெனுவே இல்லையே?

அவை ஸ்பேனிங் ட்ரீ பேசுவதில்லை. பலவும் பிபிடியுவைச் சாதாரண ஃப்ரேம் போலக் கடத்திவிடும், சில விழுங்கிவிடும். கடத்தும் வகையில் ஒரு லூப் உண்டானால், மேலுள்ள ஸ்விட்ச் அனுப்பிய பிபிடியு அதே போர்ட்டுக்குத் திரும்பி வரும், பிபிடியு கார்டு அதைப் பிடித்துவிடும்.

விழுங்கும் வகையில் மேலுள்ள ஸ்விட்சுக்கு எதுவுமே தெரியாது. அதற்காக அந்தப் போர்ட்டுகளில் ஸ்டார்ம் கன்ட்ரோலையும், இருந்தால் லூப் டிடெக்ஷனையும் இயக்குங்கள். முன்னது பிராட்காஸ்ட் அளவுக்கு ஒரு வரம்பு விதிக்கிறது. லூப்பை நீக்காது, ஆனால் மற்றத் தளங்களைக் காப்பாற்றும்.

15. டோபாலஜி சேஞ்ச் எண்ணிக்கை நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

ஆம். டோபாலஜி சேஞ்ச் என்பது பாதை அமைப்பில் மாற்றம் நேர்ந்ததாக வரும் அறிவிப்பு. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஸ்விட்சுகள் தாங்கள் கற்ற மேக் முகவரிகளை மறக்கின்றன. ஆர்எஸ்டிபி அவற்றை உடனே அழிக்கிறது. பழைய எஸ்டிபி, வழக்கமாக 300 வினாடி வைத்திருப்பதை 15 வினாடியாகக் குறைக்கிறது. மீண்டும் கற்கும்வரை அந்த முகவரிகளுக்கான போக்குவரத்து எல்லாப் போர்ட்டுகளிலும் போகும். சிசிடிவி கேமராக்கள் நிறைந்த ஆலையில், இது தொடர்ந்து நடந்தால் மெதுவான லிங்குகள் திணறும்.

காரணம் பெரும்பாலும் எளியது. எட்ஜ் என்று அறிவிக்காத போர்ட்டில் உள்ள கணினியை யாராவது அணைத்து இயக்குவதுகூட மாற்றமாகக் கணக்கிடப்படும். கேள்வி 7-இல் சொன்னதைச் செய்தாலே எண்ணிக்கை பெருமளவு குறையும். குறையவில்லையென்றால், கடைசி மாற்றம் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்பதை ஸ்விட்ச் காட்டும். அதன் வழியே ஸ்விட்ச் ஸ்விட்சாகப் போனால், தளர்ந்த கனெக்டரோ, மின்சாரம் விட்டுவிட்டு வரும் ஸ்விட்சோ கிடைக்கும்.

16. சிஸ்கோ ஸ்விட்சோடு வேறு நிறுவன ஸ்விட்சை இணைத்தோம். ஒரு விலான் மட்டும் வேலை செய்யவில்லை. ஏன்?

சிஸ்கோ தன் சொந்த முறையில் ஒவ்வொரு விலானுக்கும் ஒரு தனி ட்ரீ ஓட்டுகிறது. மற்ற நிறுவன ஸ்விட்சில் ஆர்எஸ்டிபி இருந்தால், எல்லா விலானுக்கும் சேர்த்து ஒரே ட்ரீதான். அது பொதுத் தரநிலை பிபிடியுவை மட்டும் புரிந்துகொண்டு, மற்றவற்றைச் சாதாரண ஃப்ரேமாகக் கடத்தும். சிஸ்கோ 10-ஆம் விலானுக்கு ஒரு லிங்கைத் திறந்து வைத்திருக்க, எதிர்முனை அதே லிங்கை எல்லா விலானுக்கும் மூடியிருக்கலாம்.

இரு வகையும் கலந்திருந்தால் எல்லாவற்றிலும் எம்எஸ்டிபி வையுங்கள். 2002-இல் 802.1எஸ் என்று வந்த இது, விலான்களைச் சில குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு ட்ரீ ஓட்டுகிறது. கேள்வி 3-இல் கேட்டபடி ஒரு குழுவை ஒரு கேபிளிலும் மற்றொன்றை அடுத்த கேபிளிலும் அனுப்பவும் முடியும். ரீஜன் பெயர், திருத்த எண், விலான் பங்கீடு ஆகிய மூன்றும் எல்லா ஸ்விட்சிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் அந்த ஸ்விட்ச் தனி ரீஜனாகப் பிரிந்துவிடும்.

17. ஹலோ, மேக்ஸ் ஏஜ், ஃபார்வர்டு டிலே ஆகியவற்றைக் குறைத்தால் வேகம் கூடுமா?

தொடாதீர்கள். பிபிடியு அனுப்பும் இடைவெளி, அது வராவிட்டால் காத்திருக்கும் காலம், போர்ட் திறக்கும் ஒவ்வொரு நிலையின் காலம் ஆகியவற்றுக்கான 2, 20, 15 வினாடி என்ற இயல்பு மதிப்புகள், வலையமைப்பின் எந்த இரு முனைகளுக்கும் இடையே அதிகபட்சம் 7 ஸ்விட்ச் என்ற கணக்கில் பொருத்தப்பட்டவை. ரூட்டில் இருக்கும் மதிப்பே எல்லோருக்கும் செல்லுபடியாகும் என்பதால், ஓரத்து ஸ்விட்சில் மாற்றியதற்குப் பொருளில்லை. நீண்ட தறிக்கூடங்களில் ஸ்விட்சுக்கு அடுத்து ஸ்விட்ச் என்று சங்கிலியாகக் கட்டியிருப்பவர்கள், எண்களைத் திருத்துவதைவிடச் சங்கிலியைக் குறைப்பதே சரி.

18. மே மாத இடியில் ஸ்விட்ச் எரிந்தது. ஸ்பேரை மாட்டியதிலிருந்து நெட் மெதுவாக இருக்கிறது. ஸ்பேர் பழுதா?

அது ரூட் ஆகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். எரிந்தது முதன்மை ஸ்விட்ச் என்றால், 4096 என்ற அமைப்பும் அதோடு போய்விட்டது. கேள்வி 5-இன்படி இரண்டாவது ஸ்விட்சுக்கு 8192 கொடுக்காதவர்களுக்குத் தேர்வு மறுபடி மேக் முகவரியின் மேல் விழுந்திருக்கும். ஸ்பேரை மாட்டுவதற்கு முன் அமைப்பின் நகலை ஏற்றுங்கள். கட்டடங்களுக்கு இடையே காப்பர் கேபிளை விட்டு ஃபைபருக்கு மாறினால், அந்த வழியே இடி ஸ்விட்சை வந்தடையாது.

19. இப்போதே எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கின்றன, ஸ்விட்சின் அமைப்புப் பக்கமும் கணினியில் திறக்கவில்லை. என்ன செய்வது?

ஸ்விட்சை அணைத்து இயக்குவதால் பயனில்லை. லூப் கேபிளில் இருக்கிறது, மீண்டும் தொடங்கும். முதன்மை ஸ்விட்சிலிருந்து கீழே செல்லும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, விளக்குகளைப் பாருங்கள். எந்தக் கேபிளைக் கழற்றியதும் அமைதி வருகிறதோ, அந்தக் கிளையில் லூப். அதை வெளியே வைத்து மற்றவற்றை இணைத்துவிட்டு, அடுத்த ஸ்விட்சில் அதையே செய்யுங்கள். ஸ்விட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிள் இருந்தால், ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளில் மாறி மாறித் தெரிவதாக வரும் எச்சரிக்கை உங்களை நேராக அந்த இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

20. ஸ்பேனிங் ட்ரீயை அணைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. அணைத்ததும் தீர்ந்தது என்றால், மூடப்பட்டிருந்த ஒரு போர்ட் திறந்தது என்றே பொருள். அது தவறாக மூடப்பட்டிருந்தால் காரணம் கேள்வி 4, 12, 13, 16 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். சரியாக மூடப்பட்டிருந்தால் நீங்கள் ஒரு லூப்பைத் திறந்திருப்பீர்கள், அது உடனே தெரிந்திருக்கும். இரண்டிலும் ஸ்பேனிங் ட்ரீயை மறுபடி இயக்கி, எந்தப் போர்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

21. எல்லாம் சரியாக அமைந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

ஒவ்வொரு ஸ்விட்சிலும் ரூட்டின் மேக் முகவரி ஒன்றாகவே தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்விட்ச் மட்டும் தன்னையே ரூட் என்று சொன்னால், அதற்கு பிபிடியு போய்ச் சேரவில்லை. பிறகு எந்தெந்தப் போர்ட் மூடியிருக்க வேண்டும் என்று தாளில் வரைந்து, ஸ்விட்ச் காட்டுவதோடு ஒப்பிடுங்கள்.

வேலை நேரம் முடிந்த பின், ஒரு கணினியிலிருந்து சர்வருக்குத் தொடர்ந்து பிங் (விடை வருகிறதா என்று கேட்கும் சோதனை) ஓடவிட்டு, பயன்பாட்டிலுள்ள அப்லிங்கைக் கழற்றுங்கள். ஒன்று அல்லது இரண்டு விடைகள் தவறி மீண்டும் வந்தால் ஆர்எஸ்டிபி சரியாக வேலை செய்கிறது. திரும்பச் செருகும்போதும் பார்க்க மறக்காதீர்கள். பலர் அந்தப் பாதியைச் சோதிப்பதில்லை. அரை நிமிடம் விடை வராமல் இருந்தால், எங்கோ ஒரு முனை பழைய எஸ்டிபியிலோ ஹாஃப் டூப்ளெக்ஸிலோ இருக்கிறது. கேள்வி 6-இல் சொன்னபடி அந்த லிங்கின் இரு முனைகளையும் பாருங்கள்.